மோர் இருக்கா? சோடா இருக்கா? ரொட்டி ரெடி!

'சோடா ரொட்டி' என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது, குட்டீஸ்? கோலி சோடாவைத் திறந்து, ரொட்டித் துண்டின் மேல் ஊற்றிச் சாப்பிடுவதா?

எங்கள் பக்கத்து வீட்டு நான்காம் வகுப்புச் சுட்டி அப்படித்தான் கேட்டாள். ஏழாம் வகுப்பு படிக்கும் அவள் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் அவள் சொன்னதில் பாதி சரி! எந்தப் பாதி என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

நாங்கள் இருப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். சென்னையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில், மறைமலை நகருக்கு அடுத்த ஸ்டேஷன். குன்றைக் குடைந்த கோவிலில், நெற்றியில் மூன்றாவது கண்ணோடு பாடலாத்ரி நரசிம்மர் வீற்றிருக்கும் ஊர். ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை பிரிவதும் இங்கேதான். அந்தச் சாலை நெடுக கார், லாரி, உதிரி பாகத் தொழிற்சாலைகள். பொழுது விடியும் முன்பே ஷிப்ட் பஸ்கள் கிளம்பிவிடும்.

அந்த இரண்டு பிள்ளைகளின் அப்பாவுக்கும் ஒரகடத்தில்தான் வேலை. காலை ஷிப்ட் என்றால் 5 மணிக்கே பஸ். அந்த நேரத்துக்கு இட்லி வெந்திருக்காது. கடையில் வாங்கிய பிரட் பாக்கெட்டோடு ஓடுவார்.

"மாமா, நாமளே வீட்டுல ரொட்டி செஞ்சு அப்பாவுக்குக் குடுக்க முடியாதா?" என்று கேட்டான் பையன்.

"அதுக்கு ஈஸ்ட் வேணும், ஓவன் வேணும். ரெண்டும் நம்மகிட்ட இல்லையேடா!" என்றார் ஆயா. (அவர்கள் வீட்டில் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவார்கள்.)

ஈஸ்டும் ஓவனும் இல்லாமலே ஒரு நாடு முழுக்க ரொட்டி சுட்டுச் சாப்பிட்டிருக்கிறது. அந்த நாடு அயர்லாந்து!

சட்டிக்கு மேலேயும் நெருப்பு

உலக வரைபடத்தில் இங்கிலாந்துக்கு மேற்கே ஒரு பச்சைத் தீவு தெரியும். அதுதான் அயர்லாந்து. எப்போதும் குளிர், தூறல். அங்கே விளையும் கோதுமை 'மென் கோதுமை' வகை. அதில் குளுட்டன் குறைவு.

குளுட்டன் என்றால் என்ன தெரியுமா? பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசி இழுக்கிறாரே, அது ரப்பர் மாதிரி நீள்வதற்குக் காரணமான புரதம் அதுதான். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் மாவுக்குள் மெதுவாக வாயுவை உண்டாக்கும். அந்த வாயு பல மணி நேரம் வெளியே போகாமல் நிற்க, மாவு நன்றாக இழுபட வேண்டும். மென் கோதுமை மாவால் அது முடியாது. அதனால் அயர்லாந்துக்காரர்களுக்கு உப்பிய ரொட்டி எளிதாக வரவில்லை.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைப் பொடி வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த வாலண்டைன் ரோஸ் என்ற வேதியியல் அறிஞர் 1801-ல் கண்டறிந்த சோடியம் பைகார்பனேட். நம் வீட்டில் 'ஆப்ப சோடா', 'சமையல் சோடா' என்று சொல்கிறோமே, அதேதான்! அயர்லாந்தின் நியூரி நகரத்துச் செய்தித்தாளுக்கு ஒருவர் எழுதிய சோடா ரொட்டிக் குறிப்பு 1836-ல் வெளிவந்திருக்கிறது. மாவு, உப்பு, சோடா, புளித்த மோர். இந்த நான்கு மட்டும்தான். அயர்லாந்து கிராமங்களில் மாடு உண்டு. வெண்ணெய் கடைந்தால் மோர் மிஞ்சும். குளிரூட்டும் பெட்டி இல்லாத காலம் என்பதால் அது புளிக்கும். அந்தப் புளித்த மோர்தான் ரொட்டிக்கு உயிர்.

சரி, ஓவனுக்கு எங்கே போவது? 'பாஸ்டபிள்' என்று ஓர் இரும்புச் சட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் மாவை வைத்து, அடுப்பு நெருப்பின் மேல் தொங்கவிட்டு மூடுவார்கள். மூடியின் மேலும் தணலை அள்ளி வைப்பார்கள்.

"இதைத்தான் எங்கயோ பாத்திருக்கேனே!" என்றான் பையன்.

பார்த்திருப்பான். ஆம்பூர் பிரியாணிக்கு 'தம்' போடும்போது தேக்சா மூடியின் மேல் கரித்தணல் வைப்பார்களே, அதே சூட்சுமம்தான். கீழேயும் சூடு, மேலேயும் சூடு. சட்டியே ஓவன்!

அயர்லாந்தில் கரி, விறகு பல இடங்களில் கிடைக்காது. சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் போல வெட்டி, காயவைத்து எரிப்பார்கள். நம் ஊர் வரட்டி போல வைத்துக்கொள்ளுங்களேன்.

வட அயர்லாந்தில் சட்டியும் தேவையில்லை. மாவை வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டி, தட்டையான இரும்புக் கல்லில் போட்டுச் சுடுவார்கள். அந்தக் கால்வட்டத் துண்டுக்கு 'ஃபார்ல்' என்று பெயர்.

"இரும்புக் கல்லா? அது நம்ம தோசைக்கல்லுதானே!" என்று ஆயா எழுந்தே விட்டார்.

முதல் ரொட்டி என்ன ஆனது?

பையனுக்கு ஒரே உற்சாகம். "சோடா போட்டா உப்பும்னா, நிறையப் போட்டா நிறைய உப்பும்!" என்று கணக்குப் போட்டான். நாங்கள் பார்க்காத நேரத்தில் இரண்டு டம்ளர் மாவில் மூன்று டீஸ்பூன் சோடாவைக் கொட்டிவிட்டான். சப்பாத்தி மாவு போலக் கால் மணி நேரம் அடித்தும் பிசைந்துவிட்டான்.

வந்தது ரொட்டி அல்ல, செங்கல்! உள்ளே மஞ்சளாக இருந்தது. ஒரு வாய் கடித்த தங்கை, "ஐயே... சோப்பு!" என்று துப்பிவிட்டாள்.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. இரண்டு டம்ளர் மாவு வீணாகிவிட்டதே என்று ஆயாவைப் பார்க்கவே பயந்தான். ஆயா திட்டவில்லை. "ஆப்ப மாவுல ஒரு சிட்டிகை கூடிப் போனாலே மூக்கைப் பிடிக்கும். நீ மூணு ஸ்பூன் போட்டிருக்கே. ஏன் அப்படி ஆகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு மறுபடியும் செய்" என்றார்.

குமிழி ரகசியம்

ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை செய்தோம். நீங்களும் செய்யலாம். இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் கால் டம்ளர் தண்ணீர், இன்னொன்றில் கால் டம்ளர் புளித்த மோர். இரண்டிலும் கால் டீஸ்பூன் சோடாவைப் போடுங்கள்.

தண்ணீரில் சோடா கரையும், அவ்வளவுதான். மோரோ, 'புஸ்ஸ்' என்று நுரைத்துக்கொண்டு மேலே வரும்!

பால் தயிராகும்போது அதிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. மோர் புளிப்பது அதனால்தான். சோடா காரத்தன்மை உள்ளது. அமிலமும் சோடாவும் சேர்ந்தவுடன் கரியமில வாயு பிறக்கிறது. மாவுக்குள் அது குமிழிகளாக மாட்டிக்கொள்ளும். சூடு பட்டதும் குமிழிகள் விரியும், மாவு வேகும், குமிழி இருந்த இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டையாக நிலைத்துவிடும். அதுதான் பஞ்சுபோன்ற ரொட்டி.

இப்போது பையன் செய்த இரண்டு தவறுகளும் புரிகிறதா?

முதல் தவறு: சோடா அதிகம். மோரில் இருக்கும் அமிலம் கொஞ்சம்தான். அதோடு சேர முடியாமல் மிஞ்சும் சோடா, சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறும். அதாவது சலவை சோடா! மஞ்சள் நிறமும் சோப்பு ருசியும் அதனால் வந்தவைதான்.

இரண்டாவது தவறு: அதிகம் பிசைந்தது. ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், காத்திருக்கும். சோடா காத்திருக்காது. மோர் பட்ட நிமிடமே வாயு கிளம்பிவிடும். நாம் பிசைந்துகொண்டே இருந்தால் வாயு போய்விடும். குளுட்டனும் இறுகி, ரொட்டி கல்லாகிவிடும்.

"ஆப்ப மாவு புளிச்ச பிறகு சோடா போடறதும் இதுக்குத்தானா! அறுபது வருஷமா செய்யறேன், இன்னைக்குத்தான் காரணம் தெரிஞ்சது" என்று ஆயா சிரித்தார். வேதியியல் பாடம் ஆயாவின் சமையலறையில் எப்போதும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது!

பட்டினியை மறக்காத தீவு

மாவு வீணானதும் பையனுக்கு ஏன் அவ்வளவு வருத்தம் வந்தது? சாப்பாடு என்பது விளையாட்டல்ல என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அயர்லாந்துக்காரர்களுக்கு அது இன்னும் ஆழமாகத் தெரியும்.

1845-க்கு முன்னால் அங்கே ஏழைகளுக்குச் சாப்பாடு என்றால் உருளைக்கிழங்கும் மோரும்தான். உழைக்கும் ஆள் ஒரு நாளைக்கு 5 கிலோவுக்கு மேல் உருளைக்கிழங்கு சாப்பிடுவாராம். 1845-ல் பூஞ்சை போன்ற ஒரு நோய்க்கிருமி பரவி, கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே அழுகின. அடுத்த ஆண்டும் அதே கதை. 1852 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். இன்னும் 10 லட்சம் பேருக்கு மேல் கப்பலேறி நாட்டை விட்டே போனார்கள். கொடுமை என்னவென்றால், அதே நேரத்தில் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. தானியம் விளைந்தது, ஆனால் அதை வாங்க ஏழையிடம் காசு இல்லை.

இதைச் சொன்னதும் ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பாட்டிக்கு அவங்க அம்மா சொன்ன கதை இருக்கு. தாது வருஷப் பஞ்சம்னு சொல்லுவாங்க" என்றார்.

ஆமாம் குட்டீஸ், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சம் அது. மழை பொய்த்தது. லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். அப்போதும் இந்தியாவிலிருந்து தானியக் கப்பல்கள் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அயர்லாந்தில் பஞ்ச நிவாரண வேலையாகச் சாலை போடச் சொன்னார்கள். இங்கே கால்வாய் வெட்டச் சொன்னார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, 1877-78-ல் பஞ்சத்தில் வாடிய மக்கள் வெட்டியதுதான். அடுத்த முறை அதைத் தாண்டிப் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நம் கல்கத்தாவில் நிதி திரட்டி அனுப்பினார்கள். அமெரிக்காவில், தங்கள் மண்ணைவிட்டு விரட்டப்பட்டிருந்த சாக்டா பழங்குடி மக்களும் தங்களால் முடிந்ததைச் சேர்த்து அனுப்பினார்கள். அதை மறக்காமல் 2017-ல் அயர்லாந்தின் மிடில்டன் என்ற ஊரில், 9 பெரிய கழுகு இறகுகள் கொண்ட எஃகு நினைவுச் சின்னம் திறந்து வைத்தார்கள்.

சோடா ரொட்டி பஞ்சத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் பஞ்சத்துக்குப் பிறகு, உருளைக்கிழங்கை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்று ஆனபோதுதான், அது வீட்டுக்கு வீடு பரவியது. ஈஸ்ட் வாங்க வேண்டாம், பேக்கரி வேண்டாம், கெட்டுப்போகும் என்று மோரைக் கொட்டவும் வேண்டாம். இன்று அயர்லாந்தின் பெரிய ஓட்டல்களிலும் பெருமையோடு பரிமாறுகிறார்கள்.

தோசைக்கல்லில் சுடலாம் வாங்க!

(அடுப்புப் பக்கம் பெரியவர்கள் கூட இருந்தால்தான் போக வேண்டும். சரியா?)

தேவையானவை:

மைதா - 1 டம்ளர்
கோதுமை மாவு - 1 டம்ளர்
சமையல் சோடா - அரை டீஸ்பூன் (தலைதட்டி)
உப்பு - அரை டீஸ்பூன்
புளித்த கெட்டித் தயிர் - முக்கால் டம்ளர்
தண்ணீர் - கால் டம்ளர்

நம் கோதுமை மாவு மட்டும் போட்டால் ரொட்டி கொஞ்சம் கனமாக வரும். அதனால்தான் பாதி மைதா.

1. தயிரில் தண்ணீர் ஊற்றிக் கெட்டி மோராகக் கடைந்துகொள்ளுங்கள். நாம் குடிக்கும் நீர்மோர் வேண்டாம். அதில் புளிப்பு போதாது.

2. இரண்டு மாவு, உப்பு, சோடா எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடா கட்டியாக நின்றால், கடிக்கும்போது அந்த இடம் மட்டும் கசக்கும்.

3. இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, சிறு தீயில் காயவிடுங்கள். மாவு கலக்கும் முன்பே கல் காய்ந்திருக்க வேண்டும். சோடா காத்திருக்காது என்பது ஞாபகம் இருக்கிறதா?

4. மாவின் நடுவில் குழி செய்து மோரை ஊற்றி, விரல்களால் சுற்றிச் சுற்றிக் கலக்குங்கள். ஒரு நிமிடம் போதும். காய்ந்த மாவு நின்றால் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளிக்கலாம். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கொஞ்சம் ஒட்டும் பதத்தில் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

5. பலகையில் மாவு தூவி, கலவையை வைத்து, ஒரு விரல் கனத்துக்கு வட்டமாகத் தட்டுங்கள். கத்தியால் கூட்டல் குறி போல நான்காக வெட்டுங்கள்.

6. கல்லில் எண்ணெய் வேண்டாம். கொஞ்சம் மாவு தூவி, நான்கு துண்டுகளையும் போடுங்கள். சிறு தீயில் ஒரு பக்கம் 8 முதல் 10 நிமிடம். திருப்பி இன்னொரு 8 முதல் 10 நிமிடம். பிறகு துண்டுகளை நிற்கவைத்து ஓரங்களையும் ஒவ்வொரு நிமிடம் காட்டுங்கள். தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே மாவாகவே இருக்கும்.

7. வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டை நடுவில் பிய்த்துப் பாருங்கள். ஈரப்பசை ஒட்டக்கூடாது. சுத்தமான துணியில் சுற்றி வைத்தால் மெத்தென்று இருக்கும்.

ஓவன் வைத்திருப்பவர்கள் அதே மாவை உருண்டையாகவே வைத்து, மேலே ஆழமாகக் கூட்டல் குறி போட்டு, 200 டிகிரியில் சுமார் 35 நிமிடம் சுடலாம். வெளியே எடுத்து அடியில் தட்டினால், காலிப் பானையைத் தட்டியது போல 'டொக் டொக்' என்று கேட்க வேண்டும். அந்தக் கூட்டல் குறி எதற்கு? ரொட்டிக்குள் இருக்கும் குட்டித் தேவதைகள் வெளியே போக வழி என்று அயர்லாந்துப் பாட்டிகள் கதை சொல்வார்கள். சிலர் சிலுவை அடையாளம் என்பார்கள். உண்மையில், கனமான நடுப்பகுதிக்கும் சூடு போய்ச் சேர அது உதவுகிறது. நான்காகப் பிய்ப்பதும் சுலபம்.

ஒரு விஷயம்: இந்த ரொட்டி சுட்ட அன்றே ருசி. மறுநாளே காய்ந்துவிடும். அதனால் அயர்லாந்து வீடுகளில் அன்றாடம் சுட்டார்கள்.

உறவுக்காரங்கதான்!

* கடற்கரைச் சாலையில் சிலையாக நிற்கிறாரே கால்டுவெல், 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், அவர் பிறந்தது வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், 1814-ல்.

* டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிறந்ததும் வட அயர்லாந்தில்தான். தோசைக்கல் ரொட்டி சுடும் அதே பகுதி!

* 2016-ல் தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அதிலிருந்து சோடா உப்பு தயாரிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும்படி அந்த அமைப்பை வடிவமைத்தார்கள். கண்ணாடி, சோப்புத்தூள் செய்யப் பயன்படும் அந்தச் சோடா உப்பு, நம் சமையல் சோடாவுக்கு அண்ணன் முறை. ஆனால் அண்ணனைச் சமையலில் சேர்க்கவே கூடாது. கடையில் கேட்கும்போது 'சமையல் சோடா' என்று தெளிவாகக் கேளுங்கள்!

அதிகாலை 4 மணி

மறுநாள் விடியும் முன்பே அண்ணனும் தங்கையும் எழுந்துவிட்டார்கள். ஆயா அடுப்பைப் பற்றவைத்தார். தங்கை சோடாவை அளந்தாள். அரை டீஸ்பூன், தலைதட்டி. அண்ணன் ஒரே நிமிடத்தில் மாவைக் கலந்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், மறுபடியும் பிசையத் தோன்றிவிடக் கூடாது என்று!

இரண்டு பக்கமும் பொன்னிறம். பிய்த்தால் உள்ளே வெள்ளை, சின்னச் சின்ன ஓட்டைகள். ஆயா ஒரு துண்டில் வெண்ணெய் தடவிக் கடித்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"சோப்பு இல்ல" என்றார். அவ்வளவுதான், வீடே சிரித்தது.

மூன்று துண்டுகளைத் துணியில் சுற்றி அப்பாவின் பையில் வைத்தார்கள். "என்னடா இது, கடை பிரட்டா?" என்றார் அப்பா. "இல்லப்பா, நம்ம வீட்டு ரொட்டி!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன. பஸ் ஒரகடம் பக்கம் திரும்பும் வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

அட, அந்தப் பாதி சரியை மறந்துவிட்டோமே! 1872-ல் இங்கிலாந்தின் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற கோலி பாட்டிலுக்குள், கோலியை மேலே தள்ளி அடைத்து வைத்திருப்பது எந்த வாயு? கரியமில வாயுதான். ரொட்டியை உப்ப வைத்ததும் அதே வாயுதான். ஆக, தங்கை சொன்னது போல ரொட்டியில் கோலி சோடா இருக்கத்தான் செய்கிறது. ஊற்றத் தேவையில்லை, உள்ளேயே பிறந்துவிடுகிறது!

உங்கள் வீட்டில் இன்று தயிர் அதிகமாகப் புளித்திருக்கிறதா? கொட்டிவிடாதீர்கள் என்று அம்மாவிடம் உடனே சொல்லுங்கள்!